பழைய மோட்டார் சைக்கிளைக் குளிர்காலம் முழுக்க நிறுத்திவைப்பது எப்படி? கிளட்ச் ஒட்டாமல் காக்க ஒரு முழுமையான வழிகாட்டி

பழைய வண்டி வாங்கிய முதல் வருடம் குளிர்காலத்துக்காக நான் செய்த ஏற்பாடு இவ்வளவுதான்: கடைசியாக ஓட்டிய அன்று ஈரத்தோடு கொட்டகைக்குள் தள்ளினேன், மேலே பிளாஸ்டிக் தார்ப்பாயைப் போர்த்தினேன், சாவியை ஆணியில் மாட்டினேன். நான்கு மாதம் கழித்து எடுத்தபோது ஐந்தாறு உதையிலேயே என்ஜின் பிடித்துக்கொண்டது. பரவாயில்லையே என்று நினைத்தபடி கிளட்சை முழுதாக அழுத்திப் பிடித்து முதல் கியரைப் போட்டேன். வண்டி ஒரே பாய்ச்சலில் கொட்டகைக் கதவில் போய் முட்டி நின்றது. லிவரை நான் அழுத்தியது உண்மை. உள்ளே தட்டுகள் பிரியவில்லை. ஹெட்லைட் வளையத்தில் அன்று விழுந்த நெளிவை இன்னும் எடுக்காமலே வைத்திருக்கிறேன்.

அதற்குப் பிறகு வருடா வருடம் செய்துவரும் வேலைகளை, செய்யும் வரிசையிலேயே இங்கே எழுதுகிறேன். மற்ற பாகங்களைவிடக் கிளட்சுக்கு அதிக இடம் கொடுத்திருக்கிறேன். பேட்டரி செத்துப்போனால் வண்டி கிளம்பாது, அதோடு முடிந்தது. கிளட்ச் ஒட்டியிருந்தால் வண்டி கிளம்பிவிடும், ஆபத்தே அதில்தான்.

நிற்கிற வண்டிக்கு என்ன ஆகிறது

இரவெல்லாம் குளிர்ந்துபோன இரும்பு, பகலில் காற்று சூடானாலும் உடனே சூடாகாது. வெதுவெதுப்பான ஈரக்காற்று அதன்மேல் பட்டதும் வியர்க்கும். குரோமின்மேல் வியர்த்தால் கண்ணுக்குத் தெரியும், துடைத்துவிடலாம். டேங்கின் உள்மேற்புறத்திலும் என்ஜினின் அடியிலும் கிளட்ச் மூடிக்குள்ளும் வியர்ப்பதுதான் நமக்குத் தெரியாமலே துருவாகிறது.

பெரும்பாலான பழைய வண்டிகளில் இருப்பது எண்ணெயில் ஓடும் பல தட்டுக் கிளட்ச். ஃபைபரோ கார்க்கோ பதித்த தட்டு ஒன்று, வெறும் ஸ்டீல் தட்டு ஒன்று என்று மாறி மாறி அடுக்கி, ஸ்பிரிங்குகள் மொத்த அடுக்கையும் இறுக்கிப் பிடித்திருக்கும். ஓட்டும்போது நடுவில் எண்ணெய் வந்து போய்க்கொண்டிருக்கும். மாதக்கணக்கில் நின்றால் அந்த எண்ணெய் ஸ்பிரிங் அழுத்தத்தில் பிதுங்கி வெளியேறிவிடும். மிஞ்சிய மெல்லிய படலம் பசை மாதிரி ஆகிவிடும். எண்ணெய் விட்டுப்போன இடத்தில் ஈரம் புகுந்தால் ஸ்டீல் தட்டில் துரு பூத்து, பக்கத்துத் தட்டைக் கவ்விக்கொள்ளும்.

பி.எம்.டபிள்யூ. பாக்ஸர், மோட்டோ குஸ்ஸி வி-ட்வின் போன்றவற்றில் இருப்பது எண்ணெயே படாத உலர் கிளட்ச். அங்கே பசை இல்லை, துரு மட்டும்தான். ஃபிளைவீலில் துரு பூத்து, கிளட்ச் தட்டு அதோடு ஒட்டிக்கொள்ளும்.

படி 1: இடம்

சூடான இடம் தேட வேண்டாம், ஈரமில்லாத இடம் கிடைத்தால் போதும். நாள் முழுக்க ஒரே அளவு குளிராக இருக்கும் அறை, பகலில் சூடாகி இரவில் உறையும் தகரக் கொட்டகையைவிட எவ்வளவோ மேல். சிமெண்ட் தரையிலிருந்து ஈரம் ஏறிக்கொண்டே இருக்கும். வண்டிக்கடியில் ஒரு பிளைவுட் பலகையோ பழைய கம்பளமோ போட்டால் பாதிப் பிரச்சினை தீரும். பக்கத்தில் உரமூட்டை, அமிலம், குளோரின் டப்பா எதுவும் இருக்கக் கூடாது. அவற்றின் ஆவி அலுமினியத்தையும் குரோமையும் தின்னும். போர்த்துவதற்குப் பழைய பருத்திப் போர்வையே சிறந்தது. காற்றுப் போகாத பிளாஸ்டிக் உறை, உள்ளே இருக்கும் ஈரத்தை வெளியே விடாமல் வைத்துச் சமைத்துவிடும்.

படி 2: கடைசி ஓட்டமும் எண்ணெய் மாற்றமும்

முதலில் வண்டியைக் கழுவுங்கள். பனிக்கு உப்புப் போடும் சாலைகளில் ஓடியிருந்தால் மட்கார்டின் உட்புறம், சைலன்சரின் அடி, ஸ்போக் நிப்பிள் இவற்றை இரண்டு தடவை கழுவ வேண்டும். கழுவியபின் உடனே நிறுத்தாமல் அரை மணி நேரமாவது ஓட்டுங்கள். தண்ணீர் காயும், என்ஜின் முழுச் சூடு பெறும், சைலன்சருக்குள் இருக்கும் ஈரமும் வெளியேறும்.

வந்ததும், சூடு ஆறுவதற்குள் என்ஜின் ஆயிலை இறக்கிவிடுங்கள். "அடுத்த சீசன் தொடங்கும்போது மாற்றிக்கொள்ளலாம், இப்போது ஊற்றினால் வீண்தானே" என்று பலர் சொல்வார்கள். நான் ஒத்துக்கொள்வதில்லை. ஓடிய ஆயிலில் எரிப்பில் வந்த அமிலமும் தண்ணீரும் கலந்திருக்கிறது. அந்தக் கரைசலில் பேரிங்கை நான்கு மாதம் ஊறப்போடுவதைவிட, புது ஆயிலில் ஊறப்போடுவது நல்லது. புது ஆயில் ஊற்றிய பிறகு இரண்டு நிமிடம் ஓடவிட்டால் எல்லா இடத்துக்கும் போய்ச் சேரும்.

படி 3: பெட்ரோல்

இப்போது பல நாடுகளில் கிடைக்கும் பெட்ரோலில் 10 சதவீதமோ அதற்கு மேலோ எத்தனால் இருக்கிறது. எத்தனால் ஈரத்தை உறிஞ்சும். ஒரு அளவுக்குமேல் உறிஞ்சியதும், தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து பெட்ரோலிலிருந்து பிரிந்து டேங்கின் அடிக்குப் போகும். பெட்ரோலைத் திறந்து மூடும் காக் இருப்பதும் அங்கேதான். பழைய ரப்பர் குழாய், டேங்கின் உட்பூச்சு, ஃபைபர்கிளாஸ் டேங்க் எதற்கும் எத்தனால் ஆகாது.

இரும்பு டேங்க் என்றால், எத்தனால் இல்லாத பெட்ரோல் கிடைத்தால் அதையும், இல்லாவிட்டால் இருப்பதையே ஸ்டெபிலைசர் (பெட்ரோல் கெடாமல் காக்கும் திரவம்) கலந்தும், கழுத்துக்குக் கொஞ்சம் கீழே வரை நிரப்புங்கள். காலியிடம் குறைந்தால் வியர்ப்பதும் குறையும். ஸ்டெபிலைசர் கலந்தபின் பத்து நிமிடம் என்ஜினை ஓட்டினால்தான் அது கார்புரேட்டர் வரை போகும். ஃபைபர்கிளாஸ் டேங்க் என்றால் யோசிக்கவே வேண்டாம், முழுக்கக் காலி செய்து திறந்து காயவிடுங்கள்.

அப்புறம் காக்கை மூடி, கார்புரேட்டர் கிண்ணத்தை வடித்துவிடுங்கள். காக்கை மூடிவிட்டு என்ஜின் தானாக அணையும்வரை ஓடவிட்டால் போதும் என்று நினைக்காதீர்கள். கிண்ணத்தின் அடியில் கொஞ்சம் தங்கத்தான் செய்யும். அது ஆவியாகி விட்டுப்போகும் பச்சைப் பிசின் பைலட் ஜெட்டை, அதாவது கார்புரேட்டரின் மிகச் சின்னப் பெட்ரோல் துளையை, அடைத்துவிடும். வடிகால் ஸ்குரூ இருந்தால் அதைத் திறங்கள், இல்லாவிட்டால் கிண்ணத்தையே கழற்றுங்கள்.

படி 4: சிலிண்டர்

பிளக்கைக் கழற்றி, ஓட்டை வழியாக ஒரு டீஸ்பூன், அதாவது 5 மி.லி. அளவுக்குச் சுத்தமான என்ஜின் ஆயிலை விட்டு, கிக்கரை மெதுவாக நான்கைந்து முறை மிதியுங்கள். மேக்னட்டோ (பேட்டரி இல்லாமலே பிளக்குக்கு மின்சாரம் தரும் கருவி) உள்ள வண்டியில் பிளக்கை அதன் மூடியிலேயே மாட்டி சிலிண்டர் ஹெட்டில் தொடவைத்துவிட்டுத்தான் மிதிக்க வேண்டும். மின்சாரம் போக வழியில்லாமல் விட்டால் மேக்னட்டோவின் உள்சுற்று கெட்டுப்போகும்.

பிளக்கைத் திரும்ப மாட்டிய பிறகு, கம்ப்ரஷன் இறுகும் இடத்தில் பிஸ்டனை மேலே கொண்டுவந்து நிறுத்துங்கள். அந்த நிலையில் இரண்டு வால்வும் மூடியிருப்பதால் ஈரக்காற்று உள்ளே போகாது. இரண்டு பிஸ்டனும் சேர்ந்தே ஏறி இறங்கும் பழைய பிரிட்டிஷ் ட்வின்களில் இது ஒரு சிலிண்டருக்குத்தான் பலிக்கும். மற்றதன் வால்வுகள் அப்போது லேசாகத் திறந்திருக்கும். அதனால் சைலன்சர் வாயிலும் கார்புரேட்டர் வாயிலும் எண்ணெயில் நனைத்த துணியைத் திணித்துவிடுவது நல்லது. எலி நுழையாமல் இருக்கவும் இதே வழிதான். துணியின் ஒரு முனை வெளியே நீளமாகத் தொங்கட்டும்.

இந்தக் கட்டத்தில் ஒரு தடித்த அட்டையை எடுத்து, "சைலன்சரில் துணி, காற்று வாயில் துணி, காக் மூடியிருக்கிறது" என்று எழுதி ஹேண்டில்பாரில் கட்டுங்கள். நான்கு மாதம் கழித்து ஒன்றும் ஞாபகம் இருக்காது.

படி 5: பேட்டரி, டயர், செயின்

பேட்டரியைக் கழற்றி வீட்டுக்குள் வையுங்கள். முழுச் சார்ஜில் இருக்கும் 12 வோல்ட் பேட்டரி, சார்ஜரைக் கழற்றிச் சில மணி நேரம் கழித்துப் பார்த்தால் சுமார் 12.6 வோல்ட் காட்டும். 6 வோல்ட் பேட்டரி அதில் பாதி. சார்ஜ் தீர்ந்த பேட்டரியில் இருப்பது கிட்டத்தட்ட தண்ணீர்தான், கடுங்குளிரில் உறைந்து வெடித்துவிடும். முழுச் சார்ஜில் இருந்தால் அந்தப் பயமில்லை. 6 வோல்ட் பேட்டரியில் 12 வோல்ட் சார்ஜரை மாட்டிவிடாதீர்கள். பழைய பிரிட்டிஷ் வண்டிகள் பலவற்றில் பாசிட்டிவ்தான் பாடியோடு சேரும் என்பதால், கழற்றும்போதே எந்த ஒயர் எந்த முனையில் இருந்தது என்று அட்டையில் எழுதிவிடுங்கள்.

வண்டியை நடு ஸ்டாண்டில் நிறுத்தி, முன் சக்கரமும் தரையில் படாதபடி என்ஜினுக்கடியில் கட்டை கொடுங்கள். முடியாவிட்டால் டயரில் வழக்கத்தைவிட ஐந்து பி.எஸ்.ஐ. கூடுதலாகக் காற்று அடித்து, மாதம் ஒருமுறை சக்கரத்தைக் கால் சுற்று நகர்த்துங்கள். செயினைச் சுத்தம் செய்து எண்ணெய் விடுங்கள். குரோமுக்கு மெழுகோ மெல்லிய எண்ணெயோ பூசலாம், பிரேக் டிரம் பக்கம் மட்டும் ஸ்பிரே போகவே கூடாது.

படி 6: நிறுத்துவதற்கு முன் கிளட்சுக்குச் செய்ய வேண்டியவை

முதலில் உங்கள் வண்டியின் கிளட்ச் எந்த எண்ணெயில் ஓடுகிறது என்று கையேட்டில் பாருங்கள். பல ஜப்பானிய வண்டிகளில் என்ஜின் ஆயிலேதான் கிளட்சுக்கும். பழைய பிரிட்டிஷ் வண்டிகள் பலவற்றில் பிரைமரி செயின் (என்ஜினிலிருந்து கிளட்சுக்கு விசை கொண்டுபோகும் செயின்) ஓடும் மூடிக்குள் தனி எண்ணெய் உண்டு. என்ஜின் ஆயிலை ஒழுங்காக மாற்றுகிறவர்கள்கூட இதை மறந்துவிடுவார்கள். அளவு கொஞ்சம்தான் என்பதால் அழுக்கும் சீக்கிரம் சேரும். வடிக்கும்போது வெள்ளையாகக் குழம்பி வந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. கறுப்புத் துகள் நிறைய வந்தால் தட்டின் லைனிங் கரைகிறது.

புதிதாக ஊற்றும் எண்ணெய் கார் ஆயிலாக இருக்க வேண்டாம். எரிபொருள் மிச்சத்துக்காக அவற்றில் சேர்க்கும் வழுக்குப் பொருள்கள் கிளட்சையும் வழுக்கவைக்கும். டப்பாவின் பின்பக்கம் ஜாசோ எம்.ஏ. (JASO MA) என்ற தரக்குறி அச்சிட்டிருந்தால் அது எண்ணெயில் ஓடும் கிளட்சுக்கு ஏற்றது. தனிப் பிரைமரி உள்ள வண்டிகளில் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் எண்ணெயை ஊற்றுகிறவர்களும் உண்டு; குளிரில் அது கெட்டியாகாமல் இருப்பதால் தட்டுகள் சுலபமாகப் பிரியும். எதை ஊற்றினாலும் அளவு முக்கியம். "கொஞ்சம் கூட இருந்தால் நல்லதுதானே" என்று நிரப்பினால், கிளட்ச் எண்ணெயைக் கலக்கிக்கொண்டே சுற்றி, லிவரை விடும்போதெல்லாம் வழுக்கும், பிடிக்கும்போதெல்லாம் முழுக்கப் பிரியாமல் வண்டியை இழுக்கும்.

அடுத்தது அட்ஜஸ்ட்மெண்ட். இதில் வரிசை மாறக் கூடாது. ஹேண்டில்பார் முனையில் இருக்கும் அட்ஜஸ்டரை உள்ளே திருகி கேபிளை முழுக்கத் தளர்த்துங்கள். பிறகு, தட்டு அடுக்கை வெளியிலிருந்து அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட்டின் நடுவில் உள்ள ஸ்குரூவுக்கு வாருங்கள் (சில வண்டிகளில் இது கியர்பாக்ஸ் பக்கம் ஒரு சின்ன மூடிக்குள் இருக்கும்). லாக் நட்டைத் தளர்த்தி, ஸ்குரூவை விரலால் திருகுவதுபோல மெல்ல உள்ளே கொண்டுபோங்கள். லிவரைப் பிடிக்கும்போது பிரஷர் பிளேட்டைத் தள்ளும் புஷ் ராடைத் தொட்டதும் லேசாகத் தடை தெரியும். அங்கிருந்து அரைச் சுற்றோ ஒரு சுற்றோ, கையேட்டில் சொன்னபடி பின்னால் எடுத்து, ஸ்குரூ அசையாமல் பிடித்துக்கொண்டு நட்டை இறுக்குங்கள். கடைசியில்தான் கேபிள்: லிவர் வேலை செய்யத் தொடங்குவதற்கு முன் அதன் அடியில் 2 முதல் 3 மி.மீ. தொய்வு இருக்க வேண்டும். தொய்வே இல்லாவிட்டால் ராட் முனை எப்போதும் அழுந்தித் தேய்ந்து கிளட்ச் வழுக்கும். தொய்வு அதிகமானால் தட்டுகள் முழுக்கப் பிரியாது. ஒட்டிக்கொண்டது என்று நினைத்துப் பலர் பிரித்துப் பார்க்கும் கிளட்சில், கேபிள் தளர்ந்திருந்ததைத் தவிர வேறு கோளாறே இருக்காது. ஜாவா மாதிரி, கியர் லிவரை மிதிக்கும்போதே கிளட்ச் பிரியும் வண்டிகளில், கையால் பிடித்தும் காலால் மிதித்தும் இரண்டு விதமாகவும் சோதியுங்கள்.

கிளட்ச் மூடி திறந்திருக்கும்போதே இன்னொன்றையும் பார்த்துவிடலாம். இக்னிஷனை அணைத்து, ஒருவர் லிவரைப் பிடித்துக்கொண்டு கிக்கரை மெதுவாக அழுத்தட்டும். நீங்கள் பிரஷர் பிளேட்டைப் பக்கவாட்டில் குனிந்து பாருங்கள். அது வட்டமாக, ஆடாமல் சுற்ற வேண்டும். ஒரு பக்கம் அதிகமாக வெளியே வந்து தள்ளாடினால், அந்தப் பக்கத்து ஸ்பிரிங்கின் பிடி குறைவு. அந்த நட்டை அரைச் சுற்று இறுக்கி மறுபடி பாருங்கள். பொறுமை வேண்டிய வேலைதான், ஆனால் கிளட்ச் கோணலாகப் பிரிவதால் வரும் இழுப்பு இதில்தான் தீரும்.

கேபிளை இரண்டு முனையிலும் உற்றுப் பாருங்கள். நிப்பிளுக்குப் பக்கத்தில் ஒரு இழை அறுந்திருந்தாலும் புதுக் கேபிள் போடுங்கள். நல்ல கேபிள் என்றால், மேல்முனையை நிமிர்த்தி வைத்து, களிமண்ணாலோ பிளாஸ்டிக் பையாலோ ஒரு சின்னப் புனல் கட்டி, மெல்லிய எண்ணெய் ஊற்றி, கீழ்முனையில் சொட்டும்வரை விடுங்கள்.

லிவரைக் கட்டிவைக்கலாமா?

இதில் இரண்டு கட்சி உண்டு. லிவரைக் கைப்பிடியோடு சேர்த்துக் கட்டி, தட்டுகளைக் குளிர்காலம் முழுக்கப் பிரித்தே வைப்பது ஒரு கட்சி. "ஸ்பிரிங் செத்துவிடும்" என்பது எதிர்க்கட்சி. ஸ்பிரிங்கைப் பற்றி எனக்குக் கவலையில்லை. ஒவ்வொரு தடவை கியர் மாற்றும்போதும் அது அதே அளவுக்குத்தான் அமுங்குகிறது. என் கவலை நாலு மாதம் இழுபட்டே இருக்கும் பழைய கேபிளைப் பற்றியும், அழுந்தியே கிடக்கும் புஷ் ராடைப் பற்றியும்தான்.

மாதம் ஒருமுறை வண்டியைப் போய்ப் பார்க்க முடியுமென்றால் கட்ட வேண்டாம், கீழே சொல்லும் பயிற்சியே போதும். வண்டி எட்டாத இடத்தில் பூட்டிக் கிடக்கப்போகிறது என்றால் கட்டுங்கள். ஆனால் கட்டியபின் கிக்கரை நாலு முறை மிதித்து, தட்டுகள் நிஜமாகவே பிரிந்துவிட்டனவா என்று உறுதி செய்யுங்கள். லிவரை இழுத்தால் பிரஷர் பிளேட் விலகும், அவ்வளவுதான். ஒன்றோடொன்று ஒட்டிய தட்டுகள் சுற்றினால்தான் பிரியும். ஹைட்ராலிக் கிளட்சில் இந்த வேலையே வேண்டாம்.

படி 7: குளிர்காலத்தின் நடுவில்

செய்யக் கூடாதது முதலில்: "என்ஜின் சத்தம் கேட்டு நாளாச்சே" என்று போய் ஐந்து நிமிடம் ஸ்டார்ட் செய்துவிட்டு அணைப்பது. எரிப்பில் உண்டாகும் தண்ணீர், சூடேறாத என்ஜினுக்குள்ளும் சைலன்சருக்குள்ளும் அப்படியே படிந்துவிடும். மாற்றி வைத்த புது ஆயிலும் பாழ், சிலிண்டரில் விட்ட எண்ணெயும் பாழ். ஸ்டார்ட் செய்தால் இருபது நிமிடமாவது சாலையில் ஓட்ட வேண்டும், இல்லையென்றால் தொடவே கூடாது.

செய்ய வேண்டியது மூன்று நாலு வாரத்துக்கு ஒருமுறை இரண்டு நிமிட வேலை. இக்னிஷன் அணைந்திருக்கட்டும். லிவரைப் பத்துப் பன்னிரண்டு தடவை பிடித்து விடுங்கள். பிறகு பிடித்தபடியே கிக்கரை ஐந்தாறு முறை மெதுவாக அழுத்துங்கள். பழைய பிரிட்டிஷ் வண்டிகளிலும் அதே அமைப்பில் வந்தவற்றிலும், கிக்கரின் விசை கியர்பாக்ஸ் வழியாகக் கிளட்சுக்குப் போய், அங்கிருந்துதான் என்ஜினுக்குப் போகிறது. கிளட்ச் பிரிந்திருந்தால் கிக்கர் சும்மா இறங்கும், பிஸ்டன் நிறுத்திய இடத்திலேயே இருக்கும். கிக்கர் கனத்து, கம்ப்ரஷன் காலுக்குத் தெரிந்தால் தட்டு ஒட்டியிருக்கிறது.

கிளட்சைப் பிடித்துக்கொண்டு எந்தக் கியரில் இருந்தாலும் கிக்கரால் ஸ்டார்ட் செய்ய முடிகிற வண்டிகளில் இந்தச் சோதனை செல்லாது. அங்கே கிக்கர் கிளட்சின் வெளிக்கூட்டையே நேராகச் சுற்றுவதால் என்ஜின் எப்படியும் சுற்றும். அவற்றுக்கும் உலர் கிளட்ச் வண்டிகளுக்கும், டாப் கியரில் போட்டு, லிவரைப் பிடித்து, வண்டியை முன்னும் பின்னும் இரண்டடி உருட்டிப் பாருங்கள். கட்டைமேல் ஏற்றிய வண்டி என்றால் பின் சக்கரத்தைக் கையால் சுற்றினாலே தெரியும்.

படி 8: வண்டியை வெளியே எடுக்கும் நாள்

அட்டையைப் படித்துத் துணிகளை எடுங்கள். பேட்டரியை மாட்டுங்கள். பிறகு ஆயில்.

ஆயிலுக்குத் தனி டேங்க் உள்ள பழைய வண்டிகளில் ஒரு பொறி இருக்கிறது. நிற்கும் மாதங்களில் டேங்கில் உள்ள ஆயில், பம்ப் வழியாகக் கசிந்து என்ஜினின் அடிப்பகுதியில் போய்ச் சேர்ந்துவிடும். நார்ட்டன் கமாண்டோவுக்கு இந்தக் குணம் பிரசித்தம். டேங்கைத் திறந்து பார்த்தால் காலி மாதிரி இருக்கும். ஐயோ என்று ஒரு லிட்டரை ஊற்றினால் கதை கந்தல்: என்ஜினுக்குள் இருப்பது திரும்பி வந்ததும் டேங்க் வழியும். ஆயில் நிறைந்த அடிப்பகுதியோடு ஸ்டார்ட் செய்தால் சீல் பிதுங்கும், புகை ஊரைக் கூட்டும். அடி நட்டைக் கழற்றி அந்த ஆயிலை வடித்து, அதே அளவைத் திரும்ப டேங்கில் ஊற்றுங்கள். கசிவைத் தடுக்கக் குழாயில் ஒரு வால்வு மாட்டுகிறவர்கள் உண்டு. அதைத் திறக்க ஒரு தடவை மறந்தால் ஆயில் போகாமல் என்ஜின் இறுகிச் சுற்றாமல் நின்றுவிடும் என்பதால் நான் மாட்டவில்லை.

அடுத்து, ஸ்டார்ட் செய்வதற்கு முன்பே கிளட்சைச் சோதியுங்கள். என் கொட்டகைக் கதவு இன்று நேராக நிற்பது இந்த வரிசையால்தான். லிவரைப் பிடித்துக் கிக்கரை அழுத்துங்கள், அல்லது டாப் கியரில் உருட்டுங்கள். பிரிந்திருந்தால் நியூட்ரலில் ஸ்டார்ட் செய்யலாம்.

ஒட்டியிருந்தால் இந்த வரிசையில் போங்கள்:

1. லிவரைப் பிடித்தபடி, கம்ப்ரஷன் தடுக்கும் இடத்துக்குக் கிக்கரைக் கொண்டுவந்து, அங்கிருந்து உடல் எடை முழுவதையும் போட்டு ஒரு மிதி. என்ஜின் தடுக்கும், கியர்பாக்ஸ் இழுக்கும், நடுவில் தட்டு விடுபடும். "டப்" என்று ஒரு சத்தம் கேட்கும். கேட்டுவிட்டால் காலுக்கே வித்தியாசம் தெரியும்.

2. விடவில்லையா, டாப் கியரில் போட்டு, லிவரைப் பிடித்து, வண்டியை வேகமாக முன்னும் பின்னும் ஆட்டுங்கள். முதல் கியரில் டயர்தான் வழுக்கும். டாப் கியரில்தான் நீங்கள் தள்ளும் விசை கிளட்சுக்கு அதிகமாகப் போய்ச் சேரும்.

3. அதற்கும் அசையவில்லையென்றால் நியூட்ரலில் ஸ்டார்ட் செய்து கால் மணி நேரம் நன்றாகச் சூடாக்கி, அணைத்துவிட்டு, மறுபடி முதல் இரண்டு முறைகளையும் செய்யுங்கள். எண்ணெய் இளகியதும் பெரும்பாலும் விட்டுவிடும்.

வண்டியை ஓடவிட்டு, லிவரைப் பிடித்தபடியே ஆக்ஸிலேட்டரை வெடுக் வெடுக்கென்று திறந்து மூடிப் பிரிப்பது நாலாவது வழி. பலன் தரும், மறுக்கவில்லை. ஆனால் என்ஜினை உடனே அணைக்கும் கில் சுவிட்சே இல்லாத, பிரேக்கும் சுமாரான பழைய வண்டியில், கிளட்ச் இல்லாமல் நிறுத்துவது எப்படி என்று யோசித்துவிட்டு இறங்குங்கள். நான் மூன்றாவதோடு நிறுத்திக்கொண்டு ஸ்பேனரை எடுத்துவிடுவேன்.

படி 9: கிளட்சைத் திறக்க வேண்டி வந்தால்

எண்ணெயில் ஓடும் கிளட்ச் என்றால் அரை நாள் வேலை. எண்ணெயை வடித்து, ஃபுட்ரெஸ்டைக் கழற்றி, மூடியை உள்ளங்கையால் தட்டி எடுங்கள். ஸ்குரூடிரைவரைச் செருகி நெம்பினால் மூடி எண்ணெய் நிறுத்தாது. ஒவ்வொரு அடுக்கையும் எடுப்பதற்கு முன் போனில் ஒரு படம். ஸ்பிரிங்கும் அதன் கிண்ணமும் எந்த இடத்தில் இருந்தனவோ அதே இடத்துக்குத் திரும்ப வேண்டும்.

பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். கம்ப்ரஸர் காற்றால் ஊதாதீர்கள், காய்ந்த நிலையில் தேய்க்காதீர்கள், ஈரத்துணியால் துடையுங்கள்.

தட்டுகளை எடுக்க, முனையை வளைத்த கம்பி இரண்டு போதும். ஒட்டிய ஜோடியை ஒரே இடத்தில் நெம்பினால் லைனிங் பொரிந்துவரும். மெல்லிய புட்டிக் கத்தியை விளிம்பில் சுற்றிச் சுற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள். ஸ்டீல் தட்டைக் கழுவித் துடைத்து, தடித்த கண்ணாடித் துண்டின்மேல் வைத்து ஓரத்தைத் தட்டிப் பாருங்கள். ஆடினால் வளைந்திருக்கிறது, மாற்ற வேண்டும். நீலம் பாய்ந்திருந்தால் எப்போதோ சூட்டில் வெந்திருக்கிறது. மேலோட்டமான துருவை மெல்லிய எமெரித் தாளால் எடுக்கலாம். குழி விழுந்திருந்தால் அந்தத் தட்டு வேண்டாம். லைனிங் தட்டின் தடிமனைக் கையேட்டில் உள்ள அளவோடு ஒப்பிடுங்கள். புதிதாகப் போடுவது கார்க் தட்டென்றால் முந்தைய இரவே எண்ணெயில் ஊறப்போடுங்கள்.

பலர் பார்க்காமல் விடுவது வெளிக்கூட்டின் காடிகளை. தட்டின் காதுகள் வருடக்கணக்கில் இடித்து இடித்து அங்கே பல் மாதிரி பள்ளம் விழுந்திருக்கும். விரல் நகத்தை மேலிருந்து கீழே ஓட்டினால் ஒவ்வொரு பள்ளத்திலும் நகம் தடுக்கும். லிவரைப் பிடித்ததும் தட்டுகள் நகர வேண்டிய பாதை அதுதான். நகம் தடுக்கும் இடத்தில் தட்டும் தடுக்கும். லேசான பள்ளமென்றால் தட்டையான அரத்தால் எல்லாக் காடியையும் ஒரே அளவு தேய்த்துச் சமன் செய்யலாம். ஆழமாக இருந்தால் புதுக் கூடுதான். அதைவிட்டுவிட்டு எத்தனை புதுத் தட்டு போட்டாலும் இழுப்பு போகாது.

திரும்பப் பூட்டும்போது ஸ்பிரிங் நட்டுகள் எல்லாம் ஒரே உயரத்தில் இருக்கட்டும், புது கேஸ்கெட் போடுங்கள், மூடி ஸ்குரூக்களை எதிரெதிராக மெல்ல இறுக்குங்கள். எண்ணெய் ஊற்றும்வரை அட்டையில் "பிரைமரியில் எண்ணெய் இல்லை" என்று பெரிதாக எழுதித் தொங்கவிடுங்கள்.

உலர் கிளட்ச் என்றால் கியர்பாக்ஸையே கழற்ற வேண்டியிருக்கும். அதனால் டாப் கியர் வழியை இரண்டு மூன்று நாள் விட்டுவிட்டு முயன்று பார்த்த பிறகே அதில் இறங்குங்கள். எந்தக் காரணத்துக்காகவும் உள்ளே எண்ணெய் ஸ்பிரே அடிக்காதீர்கள். ஒட்டிய கிளட்ச் வழுக்கும் கிளட்ச்சாக மாறும், அவ்வளவுதான். எப்படியோ கழற்றி விட்டீர்களென்றால், ஸ்பிளைனில் (கிளட்ச் தட்டு உட்காரும் தண்டின் பல்வரிசை) அதற்குரிய கிரீஸைக் கொஞ்சமாகத் தடவிவிட்டுப் பூட்டுங்கள்.

முதல் ஓட்டம்

பத்துப் பதினைந்து கிலோமீட்டர் போதும். டயர் காற்றையும் பிரேக்கையும் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். திரும்பி வந்ததும் சூட்டோடேயே லிவரின் தொய்வை அளந்து பாருங்கள். குளிரில் வைத்த அளவிலிருந்து கொஞ்சம் மாறியிருக்கலாம். என்ஜின் ஓடும்போது லிவரைப் பிடித்து, இரண்டு விநாடி பொறுத்து முதல் கியரைப் போடுங்கள். "கிளிக்" என்று விழுந்தால் சரி. "கடக்" என்று இடித்து விழுந்தால் இன்னும் இழுக்கிறது, அட்ஜஸ்ட்மெண்டுக்குத் திரும்பப் போக வேண்டும்.

வண்டிக்கடியில் ஒரு பழைய அட்டைப் பெட்டியை விரித்துவிட்டுத் தூங்கப் போங்கள். காலையில் எங்கே சொட்டியிருக்கிறது என்று பார்த்தால் எந்த சீல் காய்ந்துவிட்டது என்று தெரிந்துவிடும். ஹேண்டில்பாரில் கட்டியிருந்த அட்டையைத் தூக்கிப்போட வேண்டாம். அதன் பின்பக்கத்தில் கிளட்ச் ஸ்குரூவை எத்தனை சுற்று பின்னால் எடுத்தீர்கள், பிரைமரியில் எத்தனை மி.லி. ஊற்றினீர்கள் என்று எழுதி, கையேட்டுக்குள் செருகிவையுங்கள்.